ஃபீச்சர் நெறைய இருந்தும் ஏன் ஓடல?

கே: எங்க ஆப்ல போட்டிக்காரங்களோடத விட ஃபீச்சர் அதிகம். ஆனா டவுன்லோட் பண்றவங்க ஒரு தடவ திறந்து பாத்துட்டு போயிடறாங்க, திரும்பி வர்றதே இல்ல. எங்க தப்பு நடக்குது?

ப: ஃபீச்சர் கணக்க கொஞ்சம் ஓரமா வைங்க. புதுசா வர்றவர், தெரிஞ்சவங்க யாருமே உள்ள இல்லாதப்பவும், மொத நாளே ஏதாவது ஒரு வேலைய முடிச்சுட்டுப் போக முடியுதா, இல்ல தெரிஞ்சவங்க ஈஸியா உள்ள வர்றதுக்காவது வழி இருக்கான்னு பாருங்க. கூகுள் வேவ் 2009ல வந்துச்சு, மெயில், சாட், சேந்து டாகுமெண்ட் எழுதுறதுன்னு எல்லாம் ஒரே எடத்துல, இன்ஜினியரிங்னு பாத்தா அசத்தலான வேலதான், ஆனா ஆரம்பத்துல இன்வைட் இருந்தாதான் உள்ள போக முடியும், போனா நாம பேச வேண்டியவங்க எல்லாம் வெளிய நிப்பாங்க, இத எதுக்கு யூஸ் பண்றதுன்னும் பலருக்குப் புரியல, 2010 ஆகஸ்ட்லயே நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டாங்க. அதே 2009ல வந்த வாட்ஸ்அப்ப பாருங்க, அப்ப தனி யூசர்நேம் கெடையாது, போன் நம்பர்தான் அடையாளமா இருந்துச்சு, உங்க காண்டாக்ட்ஸ்ல யார் யார் ஏற்கனவே இருக்காங்கன்னு அதுவே காட்டிடும். 2014ல ஃபேஸ்புக் வாங்குறப்ப மாசம் 45 கோடி பேர் யூஸ் பண்ணிட்டு இருந்தாங்க!

உங்க ஆப்ப பாக்காத ஒருத்தர உக்கார வச்சு, நீங்க வாயே திறக்காம பக்கத்துல இருந்து பாருங்க. எந்த ஸ்கிரீன்ல அவர் கை நிக்குதோ அங்கதான் உங்க வேல இருக்கு. சொல்லிக் குடுக்காம இருக்கறது ரொம்பக் கஷ்டம், ஆனாலும் சொல்லாதீங்க.

கே: பழைய கோட் ஒரே குப்பை. தூக்கிப் போட்டுட்டு முழுசா புதுசா எழுதலாமா?

ப: வேணாங்க. பிரௌசர் கம்பெனி நெட்ஸ்கேப் 1998ல அப்படித்தான் முடிவெடுத்தாங்க, வெர்ஷன் 6 வந்தப்ப 2000 நவம்பர் ஆயிடுச்சு, நடுவுல 5ன்னு ஒண்ணு வெளிய வரவே இல்ல, விண்டோஸோடவே வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதுக்குள்ள மார்க்கெட்ட புடிச்சிருச்சு. (அந்த உழைப்புலேர்ந்துதான் 2004ல ஃபயர்ஃபாக்ஸ் வந்துச்சு, ஆனா அது நெட்ஸ்கேப்ப காப்பாத்தல.) குப்பைன்னு நீங்க சொல்ற அந்த அசிங்கமான இஃப் கண்டிஷன் (‘இப்படி இருந்தா இத செய்’ங்கிற வரி) பலதும் எப்பவோ ஒரு கஸ்டமர் அனுப்புன பக்குக்கு (கோளாறுக்கு) போட்ட ஃபிக்ஸா இருக்கும், புதுசா எழுதுனா அதே பக் எல்லாம் திரும்ப வரும். ஒவ்வொரு மாட்யூலா, அதாவது கோட்ட தனித்தனிப் பகுதியா எடுத்து, டெஸ்ட் எழுதி மாத்துங்க, நடுவுல ரிலீஸ மட்டும் நிறுத்திடாதீங்க.