ராத்திரி அடிக்கும் வென்டிலேட்டர் அலாரம்: கை முதலில் எங்கே போக வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, மோட்டார் நியூரான் நோய். கழுத்தில் ட்ரக்கியாஸ்டமி டியூப் போட்டு, வென்டிலேட்டரோடு கல்லிடைக்குறிச்சி வீட்டுக்குக் கூட்டி வந்து பத்து நாள் ஆகிறது. நானும் அம்மாவும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை அலாரம் அடிக்கிறது. சில நேரம் 'ஹை பிரஷர்', சில நேரம் 'லோ பிரஷர்' என்று வருகிறது. ஹை பிரஷர் அளவைக் கூட்டி வைத்தால் அடிக்காது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கூட்டலாமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

பதில்: கூட்ட வேண்டாம். அப்பாவின் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ள வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தேவைப்படுகிறது என்பதைத்தான் அந்த அலாரம் சொல்கிறது. எல்லையை உயர்த்தினால் சத்தம் நிற்கும், அடைப்பு உள்ளேயே இருக்கும்.

அலாரம் அடித்ததும் திரையைப் பார்க்காதீர்கள், அப்பாவைப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? உதடு நீலம் பாரிக்கிறதா? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சற்றுத் தாமதமாகத்தான் இறங்கிக் காட்டும், அதனால் நெஞ்சைத்தான் முதலில் நம்ப வேண்டும். நெஞ்சு ஏறவில்லை என்றால் காரணம் தேடி நேரத்தைக் கழிக்காமல் மிஷின் குழாயைக் கழற்றிவிட்டு, மாஸ்க் எடுத்த அம்பு பேக்கை (கையால் அமுக்கிக் காற்று தரும் பை) நேராகக் கழுத்து டியூபில் மாட்டி அமுக்குங்கள். 5 விநாடிக்கு ஒரு தடவை, நெஞ்சு ஏறும் அளவுக்கு மட்டும். பதற்றத்தில் வேகமாக அமுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மற்றவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

அமுக்கும்போதே பை உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லும். பை இறுகி, காற்று போக மறுத்தால் அடைப்பு கழுத்து டியூபிலோ நெஞ்சிலோ இருக்கிறது. உள் டியூப் இருக்கும் வகை என்றால் உடனே அதைக் கழற்றி, சளியை உறிஞ்சுங்கள். பை லேசாகப் போய் நெஞ்சும் ஏறினால் கோளாறு மிஷினிலோ குழாயிலோதான், அதை நிதானமாகத் தேடலாம். இதற்காகவே அம்பு பேக் கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்க வேண்டும், பீரோவுக்குள் அல்ல.

அப்பாவின் நெஞ்சு சரியாக ஏறுகிறது, ஆனாலும் 'ஹை பிரஷர்' என்றால் முக்கால்வாசி சளிதான். 8 அளவு டியூபுக்கு 12 எண் சக்ஷன் கதீட்டர் (சளி உறிஞ்சும் மெல்லிய குழாய்) போதும். சக்ஷன் மிஷினில் அழுத்தம் 80 முதல் 120 mmHg வரை, கதீட்டர் உள்ளே இருக்கும் நேரம் 10 விநாடி, அதிகம் போனால் 15. சளி இல்லை என்றால் தோளுக்கடியில் குழாய் மடங்கியிருக்கிறதா, குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, கழுத்தருகே உள்ள ஈரப்பத ஃபில்டர் சளியில் நனைந்து கனத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஃபில்டரைத் தினமும் மாற்ற வேண்டும், நனைந்தால் உடனே. சூடான தண்ணீர் ஹியூமிடிஃபையர் ஓடும்போது அந்த ஃபில்டர் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஃபில்டர் ஊறி அடைத்துக்கொள்ளும். இருமும்போது ஒன்றிரண்டு தடவை அடித்துத் தானே நிற்பது சாதாரணம். நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

'லோ பிரஷர்' என்றால் காற்று எங்கோ ஒழுகுகிறது. கழுத்தில் கை வைத்து, ஒவ்வொரு இணைப்பாக அழுத்திக்கொண்டே மிஷின் வரை வாருங்கள். அதிகம் கழன்றிருப்பது கழுத்து இணைப்பு. அடுத்தது தண்ணீர் சேரும் கிண்ணமும் ஹியூமிடிஃபையர் மூடியும். எல்லாம் இறுக்கமாக இருந்தும் வாயில் களகளவென்று சத்தமோ, திடீரென்று குரலோ கேட்டால் கஃப்பில் (மூச்சுக்குழாய்க்குள் டியூபைச் சுற்றி உப்பி ஒழுகலை அடைக்கும் சின்ன பலூன்) காற்று இறங்கியிருக்கும். அதைச் சிரிஞ்சால் குத்துமதிப்பாக ஏற்றக் கூடாது. கஃப் அழுத்தம் காட்டும் அளவி ஒன்று வாங்கி 20க்கும் 30 cmH2O-க்கும் நடுவே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகும்.

இனி செட்டிங். மிஷின் மூச்சு தரும் முறை, ஒரு மூச்சின் அளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, பீப் (PEEP, மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்), அலாரம் எல்லைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டு ஓர் அட்டையில் எழுதி மிஷினில் ஒட்டுங்கள். காலையும் ராத்திரியும் திரையோடு ஒப்பிடுங்கள். துடைக்கும்போது கை பட்டு மாறுவது உண்டு, அதனால் பூட்டு வசதி இருந்தால் போட்டுவையுங்கள். செட் செய்த எண்ணோடு மிஷின் அளந்து காட்டும் எண்ணையும் குறியுங்கள். அழுத்தம் தினமும் 22 காட்டும் இடத்தில் 28 என்று ஏறிக்கொண்டே போனால், அலாரம் அடிக்காவிட்டாலும் சளி கட்டுகிறது என்று அர்த்தம். ஒன்றைக் கவனியுங்கள்: மூச்சின் அளவை நிலையாகத் தரும் முறையில்தான் அடைப்பு வந்தால் அழுத்தம் ஏறும். டாக்டர் பிறகு அழுத்தத்தை நிலையாக வைக்கும் முறைக்கு மாற்றினால், அதே அடைப்பில் அழுத்தம் அசையாது, மூச்சின் அளவுதான் குறையும். அப்போது காவலாக இருப்பது 'லோ வால்யூம்' அலாரம். அதை அணைத்து வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

வாரம் ஒரு தடவை, அம்மா அம்பு பேக் போடும்போது, குழாயை ஃபில்டர், வளையும் குழாய்த் துண்டு எல்லாம் மாட்டியபடியே காற்றில் திறந்து வையுங்கள். அலாரம் அடிக்க வேண்டும். அந்தச் சின்னப் பாகங்களின் தடையையே நெஞ்சு என்று எண்ணி மிஷின் ஏமாறினால், டியூப் கழன்றாலும் அது சத்தம் போடாது. அடிக்கவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் சொல்லி எல்லையைத் திருத்துங்கள். பக்கத்தில் கோயில் கொடை நடந்து மைக்செட் போடும் ராத்திரிகளில் அலாரத்தை நம்பித் தூங்க முடியாது, ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நாட்களில் மிஷின் பின்னால் உள்ள ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் இரண்டு தடவை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

கரண்ட் விஷயம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன, அதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். மிஷினின் சொந்த பேட்டரியை மாதம் ஒரு தடவை, ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு மணி நேரம் பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று எழுதுங்கள். இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இருக்கட்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குக்கு 1,800 வாட்-மணி இருந்தாலும் பாதியைத்தான் நம்பலாம். 60 வாட் வென்டிலேட்டர் மட்டும் என்றால், இன்வெர்ட்டரில் வீணாவதும் போக, சுமார் 12 மணி நேரம் ஓடும். அதோடு 350 வாட் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரையும் போட்டால் 2 மணி நேரம்கூட வராது. ஆகவே கரண்ட் போனதும் கான்சன்ட்ரேட்டரையும் ஹியூமிடிஃபையரையும் நிறுத்தி, ஈரப்பத ஃபில்டரை மாட்டுங்கள். ஆக்சிஜன் வேண்டியவர் என்றால் பி டைப் சிலிண்டருக்கு மாறுங்கள்; 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் வரும். சிலிண்டர் இருக்கும் அறையில் மெழுகுவர்த்தியும் கொசுவர்த்தியும் வேண்டவே வேண்டாம். சக்ஷனுக்கு, காலால் மிதிக்கும் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டில் வென்டிலேட்டர் நோயாளி இருக்கிறார் என்று உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பராமரிப்பு மின்தடை நாட்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.