மாநகராட்சியில் எச்.ஆர். வேலை வேண்டுமென்றால் எம்.பி.ஏ. தேவையா?

கேள்வி: மகள் பி.பி.ஏ. கடைசி வருடம். சென்னை மாநகராட்சியில் ஊழியர் நிர்வாகம் பார்க்கும் அதிகாரியாக வேண்டும் என்கிறாள். எந்த எம்.பி.ஏ.வில் சேர்ப்பது?

பதில்: அம்மா, கட்டணம் கட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். தனியார் கம்பெனி மாதிரி எம்.பி.ஏ. படித்தவரை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் நேரே எச்.ஆர். நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. ஆணையர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவருக்குக் கீழே கோப்பு பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளநிலை உதவியாளராகவோ உதவியாளராகவோ சேர்ந்து பதவி உயர்வில் வந்தவர்கள்.

அவளுக்கு நடைமுறையில் உள்ள வழி டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 2, 2ஏ தேர்வுகள். பட்டம் போதும். கூடவே பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் குரூப் 4-ம் எழுதட்டும், அது கௌரவக் குறைச்சல் இல்லை. நகராட்சி ஆணையர் பதவி குரூப் 2-வில் வந்திருக்கிறது. எல்லா அறிவிப்பிலும் வரும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

சென்னைப் பிள்ளைகள் சறுக்குவது தமிழில்தான். பிளஸ் டூ மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவர்கள் நிறைய. குரூப் 2 முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 100-க்கு 40 வராவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். குரூப் 4-ல் தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு பதவி உயர்வுக்கான துறைத் தேர்வுகள். மே, டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை வரும். தள்ளிப்போட்டால் பின்னால் சேர்ந்தவர் முன்னே போய்விடுவார்.

அங்கே தலைமைப் பண்பு என்பது மேடைப் பேச்சு அல்ல, விதி தெரிந்திருப்பது. அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கு 17(அ), பெரிய தண்டனைக்கு 17(ஆ). இரண்டாவதில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, எழுத்து விளக்கம், விசாரணை அலுவலர், அறிக்கை நகலை ஊழியருக்குக் கொடுத்து மறுவிளக்கம், அதன் பிறகே ஆணை. நகலைக் கொடுக்காமல் விட்டு, அதனால் ஊழியருக்குப் பாதிப்பு என்று காட்டப்பட்டால், உயர் நீதிமன்றத்தில் ஆணை நிற்காமல் போகலாம். தவறு செய்த ஊழியர் திரும்ப வந்து அதே இடத்தில் உட்காரவும் கூடும்.

இன்னொரு சிக்கல், 200 வார்டு கவுன்சிலர்கள். 'இவரை மாற்றுங்கள்' என்று அவர்கள் கேட்கலாம்; மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம். பகைக்காமலும் விதியை வளைக்காமலும் பதில் சொல்ல வேண்டும். குப்பை அள்ளுவோரில் பலர் ஒப்பந்த நிறுவன ஆட்கள், மாநகராட்சிப் பதிவேட்டிலேயே இல்லாதவர்கள். 5, 6-வது மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததற்காக 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் நடந்த போராட்டத்தைப் பற்றி அவள் படிக்கட்டும். இந்த வேலையின் உண்மையான கஷ்டம் அதில் தெரியும்.

மேற்படிப்பு வேண்டவே வேண்டும் என்றால் எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கின் மனிதவளப் படிப்பையோ, தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தையோ பாருங்கள். தேர்வு கைகூடாவிட்டாலும் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ.யில் நிறுவனப் பங்கு 3.25 சதவீதம் என்று கணக்குப் போடத் தெரிந்தவருக்கு ஒப்பந்த நிறுவனங்களில் வேலை உண்டு.

முதலில் டி.என்.பி.எஸ்.சி. தளத்திலிருந்து பழைய குரூப் 4 தமிழ் வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். 60 தாண்டாவிட்டால் கோச்சிங் சென்டரைத் தேடுவதற்கு முன் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து தொடங்கட்டும்.