ஷாஃப்ட் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது!

கேள்வி: சின்ன டிசி மோட்டாரின் 2 மி.மீ. ஷாஃப்டில் பித்தளைப் பல்சக்கரத்தை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். சும்மா ஓடும்போது சரியாக இருக்கிறது. பளு ஏறினதும் ஷாஃப்ட் மட்டும் சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்த வேலைக்கு சூப்பர் க்ளூ வேண்டாம். காய்ந்தபின் அதில் நெகிழ்வே இருக்காது. மோட்டார் கிளம்பும்போதும் திசை மாறும்போதும் விழுகிற வெட்டில் விட்டுவிடும். மோட்டார் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். விரலால் தள்ளினால் உள்ளே போகிறது, ஆனால் பக்கவாட்டில் ஆட்டமே இல்லை என்றால் லாக்டைட் 638 போன்ற ரிடெய்னிங் காம்பவுண்ட் (ஷாஃப்டில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பசை) போதும். (243 வாங்கிவிடாதீர்கள், அது திருகு மறைகளுக்கானது.) இந்த காம்பவுண்ட் காற்று புகாத இடுக்கில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இறுகும். ஷாஃப்டையும் துளையையும் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள், அப்புறம் அங்கே விரல் படக்கூடாது. ஒரு சின்னச் சொட்டைத் துளைக்குள் மட்டும் தடவுங்கள். ஷாஃப்டில் தடவினால், சக்கரம் அதை வழித்துக்கொண்டுபோய் பேரிங்கில் சேர்த்துவிடும், மோட்டாரே இறுகிப்போகும். மாட்டும்போது ஷாஃப்டின் முனை கீழே பார்க்கட்டும். 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

பக்கவாட்டில் ஆடினால் எந்தப் பசையாலும் பயனில்லை. சக்கரம் மையம் தவறி ஒட்டிக்கொண்டு, பற்கள் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் கத்தும். சரியான துளையுள்ள சக்கரமாக, முடிந்தால் கிரப் ஸ்க்ரூ (பக்கவாட்டில் ஏறி ஷாஃப்டை அழுத்திப் பிடிக்கும், தலையில்லாத சின்னத் திருகு) உள்ளதாக வாங்குங்கள். உருண்டை ஷாஃப்டில் அந்த ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் கொஞ்ச நாளில் வழுக்கும். கழற்றிப் பார்த்தால் ஷாஃப்டைச் சுற்றி பளபளவென்று ஒரு வளையக் கீறல் தெரியும். ஸ்க்ரூவின் முனை உட்காரும் இடத்தில் அரத்தால் சின்னதாகத் தட்டையாக்குங்கள். அதற்கு முன் மோட்டாரின் ஓட்டைகளை டேப்பால் மூடிவிடுங்கள். உள்ளே இருக்கும் காந்தம் இரும்புத்தூளை இழுத்துக்கொள்ளும்.

துளை இறுக்கமாக இருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். வைஸில் (திருகி இறுக்கும் பட்டறைப் பிடி) வைத்து மெதுவாக அழுத்துங்கள். மோட்டாரின் பின்பக்கம் ஷாஃப்டின் முனை வெளியே தெரிந்தால், அந்த முனைக்குத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும், மூடிக்கு அல்ல.

பிளாஸ்டிக் சக்கரம் என்றால் அசிட்டோனும் வேண்டாம், காம்பவுண்டும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகள் இரண்டிலும் விரிசல் விட்டுவிடும்.