வேகத்தைக் குறைத்த பாட்டெல்லாம் வேப்பர்வேவ் ஆகுமா?

கல்லூரியில் படித்துக்கொண்டே கணினியில் இசை செய்துபார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு பாடல்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை அவர் தயாராக வைத்திருக்கிறார். அவற்றில் நான்கு, 1980-களின் அமெரிக்கப் பாடல்களை ஆடாசிட்டி மென்பொருளில் 70 விழுக்காடு வேகத்துக்கு இறக்கி, எதிரொலி சேர்த்தவை. ஐந்தாவது, பழைய வெளிநாட்டு விளம்பரம் ஒன்றின் பின்னணி இசையில் எட்டு நொடியை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டது. ஆறாவது, அவரே கீபோர்டில் வாசித்தது. இளஞ்சிவப்புப் பின்னணியில் கிரேக்கச் சிலையின் தலையை வைத்து அட்டைப்படமும் செய்துவிட்டார். பாடல்களை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்தின் படிவத்தில் ‘எலக்ட்ரானிக்’ என்பதற்கு மேல் வகையைக் குறிப்பிட இடமில்லை. 12,000 ரூபாய் கொடுத்தால் ‘வேப்பர்வேவ்’ என்ற இணைய இசை வகையைச் சேர்ந்தது என்று சான்று வாங்கித் தந்து, பிளேலிஸ்ட்களிலும் ஏற்றிவிடுவதாக ஒரு முகவர் சொல்கிறாராம். தன் இசை வேப்பர்வேவ்தானா, பணம் கட்டலாமா என்பது அவருடைய கவலை.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஓர் இசை வகைக்குச் சான்று வழங்கும் அலுவலகம் உலகத்தில் எங்கும் இல்லை. அறிவிக்கப்பட்டும் வெளிவராமலே போகும் மென்பொருளை ‘வேப்பர்வேர்’ என்பார்கள். அந்தச் சொல்லைத் திரித்து இணையத்தில் கேட்பவர்களும் எழுதுபவர்களும் புழங்கவிட்ட பெயர்தான் வேப்பர்வேவ். இசைக்கலைஞர்கள் தாங்களே பாடல்களை ஏற்றி விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஏற்றும்போது அந்தப் பெயரைக் குறிச்சொல்லாக நீங்களே தட்டச்சு செய்துகொள்ளலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

இனி உங்கள் இசைக்கு வருவோம். வேகத்தைக் குறைப்பது இந்த வகையின் முதன்மையான கருவி என்பது உண்மை. ஆடாசிட்டியில் ‘டெம்போ’வை மாற்றினால் சுருதி மாறாது, ‘ஸ்பீடு’ என்பதை மாற்றினால், பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டரில் ஓடுவதுபோலச் சுருதியும் சேர்ந்தே இறங்கும். 70 விழுக்காட்டுக்கு இறக்கும்போது நான்கு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 5 நிமிடம் 43 நொடியாக நீளும். ஒரு கட்டைச் சுருதியில் இருந்தது கிட்டத்தட்ட ஆறு சுரத்தானங்கள் இறங்கிக் கீழ் நாலரைக் கட்டைக்குப் போய்விடும். பெண் குரல் ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாத குரலாக மாறுவது இதனால்தான். 2011 டிசம்பரில் அமெரிக்க இசைக்கலைஞர் ரமோனா சேவியர், மெக்கின்டாஷ் பிளஸ் என்ற பெயரில் வெளியிட்ட ‘ஃப்ளோரல் ஷாப்’ தொகுப்பில் எல்லோரும் அறிந்த பாட்டு, டயானா ராஸ் 1984-இல் பாடிய பாட்டு ஒன்றை இப்படி இறக்கியதுதான்.

ஆனால் அவர் இறக்கியதோடு நிற்கவில்லை. ஒரு சொற்றொடர் முடியும் முன்பே வெட்டுகிறார், வெட்டிய துண்டைத் திக்க வைக்கிறார், கேட்பவர் எதிர்பார்க்கும் இடத்துக்குப் பாட்டைப் போகவே விடுவதில்லை. வேகத்தைக் குறைக்கும் உத்தி மட்டுமே அடையாளம் என்றால், 1990-களிலேயே ஹூஸ்டன் நகரில் ராப் பாடல்களை அப்படி இறக்கிய டிஜே ஸ்க்ரூவை அல்லவா இந்த வகையின் தந்தை என்று சொல்ல வேண்டியிருக்கும்?

இதற்கு இன்னும் தெளிவான சான்று 2009-இல் யூடியூபில் வந்த ஒரு சிறு காணொளி. அமெரிக்க இசைக்கலைஞர் டேனியல் லோபாட்டின், பாடகர் கிறிஸ் டி பர்க் 1986-இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டிலிருந்து ‘இங்கே யாருமில்லை’ என்று பொருள்படும் துண்டை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். மூலப் பாட்டில் அது, நீயும் நானும் மட்டும் இருக்கிறோம் என்ற நெருக்கத்தின் வரி. துண்டாக்கிச் சுழல விட்டதும் அதே வரி, ஆளில்லாத கட்டடத்தில் யாரோ கூப்பிடுவதுபோல் ஆகிவிடுகிறது. சொல்லும் குரலும் அதேதான், பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. அந்தத் துண்டையும் சேர்த்து, சக் பெர்சன் என்ற பெயரில் 2010-இல் நூறு கேசட்டுகள் மட்டுமே கொண்டு அவர் வெளியிட்ட தொகுப்பைத்தான் இந்த வகையின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதுகிறார்கள்.

ஆகவே என் வரையறை இது: விற்பனைக்காகவும் பின்னணிக்காகவும் செய்யப்பட்ட வழவழப்பான 1980, 90-களின் ஒலியை எடுத்து, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அது செய்ய முடியாதபடி ஆக்கி, அதற்குள் இருந்த ஏக்கத்தையோ வெறுமையையோ வெளியே கேட்க வைப்பதுதான் வேப்பர்வேவ். வேகம் குறைப்பதும் எதிரொலியும் இதற்கான வழிகள் மட்டுமே. இந்த வகையின் அட்டைகளில் வழக்கமாக வரும் சிலைத் தலையும் ஜப்பானிய எழுத்தும் இருப்பதால் மட்டும் எதுவும் வேப்பர்வேவ் ஆகிவிடாது.

இந்த அளவுகோலில் உங்கள் முதல் நான்கும் தேறவில்லை. முழுப் பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை இறக்கி எதிரொலி சேர்த்தால் அதன் பெயர் ‘ஸ்லோடு ரிவெர்ப்’. அது தனிப் பழக்கம், கேட்க இதமாகவும் இருக்கும், ஆனால் பாட்டு தன் வேலையை முன்போலவே செய்துகொண்டிருக்கிறது. ஐந்தாவது ஐயமில்லாமல் வேப்பர்வேவ்.

ஆறாவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பழைய பாட்டிலிருந்து மாதிரித் துண்டு எடுக்காமல் சொந்தமாக வாசித்தால் அது வேப்பர்வேவ் ஆகாது’ என்று முகவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது தவறு. ஜேம்ஸ் ஃபெராரோ 2011-இல் வெளியிட்ட ‘ஃபார் சைடு விர்ச்சுவல்’ தொகுப்பு இந்த வகையின் இன்னொரு வேர். கணினி திறக்கும்போது வரும் ஓசையையும் கைபேசி மணியையும் ஒத்த, பளபளப்பான செயற்கை ஒலிகளால் பெரும்பாலும் அவரே கோத்தது அது. 2015-இல் 2814 என்ற பெயரில் இருவர் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பும் பழைய பாட்டுத் துண்டுகளை நம்பாமல் சின்தசைசர் ஒலியால் கட்டப்பட்டதே. அதை இந்த வகைக்குள் வைத்துத்தான் பேசுகிறார்கள். நீங்கள் வாசித்திருக்கும் மின் பியானோ ஒலி, 1983-இல் யமஹா கொண்டுவந்த டிஎக்ஸ்7 கருவியின் ஒலியைப் போன்றது. அந்தக் காலத்து மெதுவான காதல் பாட்டுகளில் எங்கும் கேட்ட ஒலி அது. பின்னால் வணிக வளாகத்தின் இரைச்சலைத் தொலைவில் கேட்பதுபோல் வைத்திருக்கிறீர்கள். வேப்பர்வேவுக்குள் இதற்கு ‘மால்சாஃப்ட்’ என்று தனிக் கிளையே உண்டு. ஆறிலும் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து.

உரிமை விஷயத்தில் ஒரு பொய் எங்கும் உலவுகிறது: பத்து நொடிக்குள் எடுத்தால் தவறில்லை, சுருதியை மாற்றிவிட்டால் சிக்கலில்லை என்பது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நொடிக்கணக்கு எதுவும் இல்லை. இசையமைப்புக்கு ஓர் உரிமையும் ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமையும் இருக்கின்றன, வேகத்தைக் குறைத்தால் இரண்டில் எதுவும் கரைந்துபோவதில்லை. இந்த வகையின் பெயர்பெற்ற தொகுப்புகள் பல அனுமதி இல்லாமல் வெளிவந்தவை என்பதை உங்களுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிளேலிஸ்ட் முகவர்களிடம் ஏமாந்த மாணவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்கள் விற்பது பெரும்பாலும் மனிதர் கேட்காத போலி ஓட்டங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபை, போலி ஓட்டங்கள் மிகுதியாகத் தெரியும் பாட்டுக்கு விநியோக நிறுவனத்திடம் கட்டணம் பிடிக்கிறது. பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறை ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்குத்தொகையும் கிடையாது. என்னிடம் பயின்ற ஒருவர் முகவரை நம்பிப் பணம் கட்டினார். இரண்டே வாரத்தில் அவருடைய தொகுப்பு முழுவதும் நீக்கப்பட்டது, சொந்தமாக வாசித்த பாட்டும் அதோடு போனது, விளக்கம் கேட்டு அவர் எழுதிய நான்கு கடிதங்களுக்கும் ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. குற்றம் செய்த முகவர் இன்னும் தொழில் நடத்துகிறார். நூறு கிளைகள் கொண்ட ஒரு கலையை ‘எலக்ட்ரானிக்’ என்று ஒரே பெட்டியில் அடைத்துவைத்து, அந்தக் குழப்பத்தில் முகவர்கள் பிழைக்க இடம் விடுகிற இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: முதல் நான்கையும் விநியோகத்துக்குக் கொடுக்காதீர்கள், பயிற்சியாக உங்களிடமே இருக்கட்டும். ஐந்தாவதில் அந்த எட்டு நொடியை எழுத்து வடிவில் குறித்துக்கொண்டு, அதே மனநிலையில் வேறொரு மெட்டை நீங்களே வாசித்து அதை வெட்டுங்கள். ஆறாவதைப் படிவத்தில் ‘எலக்ட்ரானிக்’ என்றே ஏற்றுங்கள். பேண்ட்கேம்ப் பக்கத்தில் ‘வேப்பர்வேவ்’, ‘மால்சாஃப்ட்’ என்ற இரண்டு குறிச்சொற்களையும் சேருங்கள். ஏற்றும் முன் கடைசி அரை நிமிடத்தில் வளாக இரைச்சலை மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பாருங்கள், பியானோவின் கடைசி சுரம் அதில் மூழ்கிவிடுகிறது.