மொரீஷியஸில் தோற்றவருக்கு நாற்காலி – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் மனைவியோடு மொரீஷியஸ் போய் வந்தேன். நூறு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் எங்களுக்குக் கார் ஓட்டிய தம்பிக்குப் பெயரில் பிள்ளை இருக்கிறதே தவிர, தமிழ் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை எழுத வைத்தது. அங்கே தேர்தலில் நிற்பவர் தான் எந்தச் சமூகம் என்று மனுவில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தோற்றுப்போனவர்களிலும் சிலரைச் சமூகம் பார்த்து எம்.பி. ஆக்குவார்களாம். இந்திய வம்சாவளியினர் ஆளும் நாடு என்று நாம் பெருமைப்படுகிறோமே, இது என்ன ஜனநாயகம்?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

டிரைவர் தம்பி சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் அந்த நோட்டில் எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், முகத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நூறு ரூபாயில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன். தமிழர், வழக்கறிஞர், தொழிற்கட்சிக்காரர், கல்வி அமைச்சராக இருந்தவர், விடுதலையைப் பார்க்காமலே 1958-ல் இறந்துபோனார். மற்ற நோட்டுகளையும் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். 25 ரூபாயில் சீன வணிகர் ஆ-சுவென். 50-ல் சர்க்கரைத் தொழிலோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரெஞ்சு வம்சாவளி பதுரோ. 200-ல் முஸ்லிம்களின் தலைவர் அப்துல் ரசாக் முகமது. 500-ல் இந்துத் தலைவர் சூக்தேவ் பிசுந்தயால். 1000-ல் கிரியோல்களின், அதாவது ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்களின், செல்லப்பிள்ளை கயெத்தான் துவால். 2000-ல் நாட்டின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். எந்தப் பங்காளிக்கும் மனக்குறை வராமல் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவோமே, அந்தக் கணக்கு. இதில் துவால், விடுதலையே வேண்டாம் என்று பிரச்சாரம் செய்தவர்! அவருக்கும் நோட்டு உண்டு.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒரு தடவை சறுக்கியது. 1998-ல் அடித்த புதிய நோட்டில் இந்தி மேலே ஏறித் தமிழ் கீழே இறங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வந்தவர்கள், முதலில் நாங்கள்தான் என்று தமிழர்கள் போராட்டத்தில் இறங்க, அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-ல் பழைய வரிசைப்படி மறுபடி அச்சடித்தது. உங்களைச் சிலிர்க்க வைத்த அந்த வரிக்குப் பின்னால் இப்படி ஒரு சண்டை இருக்கிறது.

சரி, தேர்தலுக்கு வருவோம். தோற்றவர்களை எம்.பி. ஆக்கும் அந்த ஏற்பாட்டுக்குப் பெஸ்ட் லூசர் என்று பெயர். இதைச் சாதிப் புத்தி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, காரணம் அது பிறந்த நேரம். விடுதலையா வேண்டாமா என்பதுதான் 1967 ஆகஸ்ட் தேர்தலின் ஒரே கேள்வி. நூற்றுக்கு 44 பேர் துவால் பக்கம், அதாவது வேண்டாம் என்ற பக்கம், ஓட்டுப் போட்டார்கள். வெள்ளைக்காரன் போனால் இந்துப் பெரும்பான்மை நம்மை மிதித்துவிடும் என்ற பயம் கிரியோல்களிடம் இருந்தது, சீனர்களிடமும் இருந்தது. முஸ்லிம்களின் பயத்துக்கு ரசாக் முகமது வேறு வழி கண்டார்: ராம்கூலத்தோடு சேர்ந்துகொண்டே, எங்களுக்கு இடம் உறுதி என்று எழுதிக் கொடு என்றார். 1968 மார்ச் 12-ல் கொடி ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்பு தலைநகர் போர்ட் லூயிஸில் கிரியோல்களும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் படை வந்து இறங்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் எட்டு நாற்காலி கொடுத்து எல்லாரையும் ஒரு கூரையின் கீழ் உட்கார வைத்தது மலிவான பேரம் என்றுதான் நான் சொல்வேன்.

கணக்கு இப்படி. தீவில் 20 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர். நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரிக்ஸுக்கு இரண்டு. மொத்தம் 62. அதற்கு மேல் எட்டு வரை கூடுதல் இடம். ஜெயித்தவர்களில் எந்தச் சமூகம் தலைக்கணக்குக்குக் குறைவாக இருக்கிறது என்று பார்த்து, அந்தச் சமூகத்தில் தோற்றவர்களில் நல்ல ஓட்டு வாங்கியவரை உள்ளே எடுப்பார்கள். முதல் நான்கு இடம் கட்சி பார்க்காமல், மீதி நான்கு கட்சி பலம் குலையாமல்.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணை நான்கே சமூகங்களைத்தான் சொல்கிறது: இந்து, முஸ்லிம், சீனர், அப்புறம் 'பொது மக்கள்'. இந்த நான்காவது யார் தெரியுமா? வாழும் முறையைப் பார்த்தால் முதல் மூன்றில் எதிலும் சேராதவர் எல்லாரும். ஆக, கரும்புத் தோட்ட முதலாளியான பிரெஞ்சுக்காரரும், அவருடைய முப்பாட்டன் விலைக்கு வாங்கிய அடிமையின் பேரப்பிள்ளையும் ஒரே சமூகம். நம் தமிழர்கள் இந்துக் கட்டத்தில் அடக்கம். நோட்டில் இந்திக்கு முன்னால் நிற்கத் தெரிந்தவர்களுக்கு மனுவில் தனிப் பெயர் கிடையாது.

இதை விட வேடிக்கை தலைக்கணக்கு. 1982-ல் ஆட்சிக்கு வந்தவர்கள், மக்களை இப்படிப் பிரித்து எண்ணுவது தப்பு என்று சென்சஸிலிருந்து சமூகக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் பெஸ்ட் லூசரை எடுக்கவில்லை. அதனால் இன்றைக்கும் கணக்குப் போடுவது 1972 சென்சஸை வைத்து! அன்றைக்கு எண்ணப்பட்ட பலர் உயிரோடு இல்லை, கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைகள் எந்தப் பெட்டிக்கும் பொருந்தமாட்டார்கள். சமூகத்தை எழுத மாட்டேன் என்று ரெசிஸ்தான்ஸ் எக் அல்டர்னாட்டிவ் என்ற சிறு இடதுசாரிக் கட்சி மனுவோடு மல்லுக்கட்டி ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. 2012-ல் குழு அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றது. அரசு என்ன செய்தது? 2014 தேர்தலுக்கு மட்டும், விருப்பமிருந்தால் எழுதுங்கள் என்று ஒரு விலக்கு கொடுத்துவிட்டு மறுபடி பழைய மனுவுக்கே போய்விட்டது.

இருந்தாலும் உங்கள் கோபம் தவறான இடத்தில் விழுகிறது என்பதுதான் என் கருத்து. எட்டு நாற்காலி கெட்டது என்றால் அந்த மூன்று ஓட்டு அதைவிடக் கெட்டது. ஒவ்வொரு வாக்காளரும் தன் தொகுதியில் மூன்று பேருக்கும் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். காற்று ஒரு பக்கம் அடித்தால் மூவரும் ஒரே கட்சி, இருபது தொகுதியும் ஒரே கட்சி. 1982-ல் தீவின் அறுபது இடமும் ஒரு கூட்டணிக்கு. 1995-ல் மறுபடி அறுபது. 2024 நவம்பரில் முதல் பிரதமரின் மகன் நவீன் ராம்கூலமும் முன்னாள் பிரதமர் பெரஞ்சேயும் சேர்ந்த கூட்டணிக்கு மறுபடி அறுபது. அதுவரை பிரதமராக இருந்த பிரவிந்த் ஜக்நாத் தன் கோட்டையான நம்பர் 8-லேயே தோற்றார் (அங்கே தொகுதியை எண்ணால்தான் சொல்வார்கள்). நான்கில் ஒருவருக்கு மேல் அவர் அணிக்கு ஓட்டுப் போட்டிருந்தும் ஜெயித்த இடம் பூஜ்யம். இந்த முறை பெஸ்ட் லூசர் இல்லாவிட்டால் சபையில் எதிர்க்கட்சி என்று உட்கார அந்த அணியில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்தத் தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சித் தலைவரான லெஸ்ழோன்கார் அப்படி உள்ளே வந்தவர்தான். சமூகத்துக்காக வைத்த ஏற்பாடு எதிர்க்கட்சிக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கிறது.

இன்னொன்று. பெஸ்ட் லூசரை நாளைக்கே ஒழித்தாலும் கட்சிகள் மூன்று வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது சமூகம் பார்ப்பது நிற்கப்போவதில்லை. நம் ஊரில் மனுவில் எழுதாமலே செய்கிற வேலைதானே அது? பிரதமர் பதவி இதுவரை ராம்கூலம் அப்பா மகன், ஜக்நாத் அப்பா மகன், நடுவில் 2003-லிருந்து 2005 வரை பெரஞ்சே. அந்த ஒருவரும் அப்பா ஜக்நாத்தோடு பாதிப் பாதி என்று பேசி முடித்த பேரத்தில் வந்தவர். தமிழர்களுக்கு வருவது பெரும்பாலும் மரியாதைப் பதவி. முதல் ஜனாதிபதி வீராசாமி ரிங்கடு தமிழர், துணை ஜனாதிபதியாக இருந்த அங்கிடி செட்டியாரும் தமிழர். செட்டியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2002-ல் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஜனாதிபதி காசம் உத்தீம் ராஜினாமா செய்ய, பொறுப்புக்கு வந்த செட்டியாரும் கையெழுத்துப் போடாமல் ராஜினாமா செய்தார். நாற்காலி அலங்காரமானது என்றாலும் எழுந்து போகத் தெரிந்த மனிதர்.

டிரைவர் தம்பிக்குத் தமிழ் வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி, அங்கே பெரும்பாலான வீடுகளில் அதுதான். காவடிக்கு நாடே விடுமுறை விடுகிறது, வாழை இலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள், கேட்டிருந்தால் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருப்பார்.

தேர்தல் முறையை மாற்றப்போவதாக இப்போதைய அரசு சொல்லியிருக்கிறது. மனுவோடு மல்லுக்கட்டிய அந்தக் கட்சியின் அசோக் சுப்ரோன் இந்த அரசில் அமைச்சரானார். அரசியல் சட்டத்தில் கைவைக்கத் தேவையான முக்கால்வாசிப் பலமும் தேர்தலிலேயே கிடைத்துவிட்டது. எட்டு நாற்காலியைத் தொடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். தங்களுக்கு அறுபது கொடுத்த அந்த மூன்று ஓட்டைத் தொடுகிறார்களா என்று பாருங்கள், எனக்கு நம்பிக்கை குறைவு.