திரையில் மயில் நீலம், கார்டில் மங்கல் நீலம்

கேள்வி: தங்கையின் திருமணப் பத்திரிகையை நானே கம்ப்யூட்டரில் வடிவமைத்து, ஃபைலையும் பிள்ளையார் படத்தையும் வாட்ஸ்அப்பில் வேலூர் அச்சகம் ஒன்றுக்கு அனுப்பினேன். அவர்கள் கைபேசியில் காட்டிய ப்ரூஃபுக்கு (அச்சுக்கு முந்தைய மாதிரிப் படம்) ‘சரி’ என்றேன். 500 கார்டிலும் மயில் நீலம் மங்கியிருக்கிறது, பிள்ளையார் கலங்கியிருக்கிறார், ‘கொணவட்டம்’ என்பதில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய்விட்டது. ஃபைல்தான் தவறு என்கிறார்கள். மீதிப் பணம் தர வேண்டுமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் அந்த ப்ரூஃபைத் திறந்து ‘கொணவட்டம்’ எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதிலேயே கொம்பு இடம் மாறியிருந்தால், சரி சொன்னவர் நீங்கள். வாதாட அதிகம் இல்லை. அதில் ஒழுங்காக இருந்து கார்டில் கெட்டிருந்தால் பிழை அச்சகத்தினுடையது. அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள்.

நீலத்துக்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. மல்டிகலர் அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. பளிச்சென்ற நீலமும் கிளிப்பச்சையும் இந்த நான்கில் அடங்காது. ஃபைலை முன்பே இந்த நான்கு மை முறைக்கு, அதாவது சிஎம்ஒய்கேவுக்கு, மாற்றியிருந்தால் மங்குவதைத் திரையிலேயே ஓரளவு கண்டிருப்பீர்கள். நிறம் முக்கியம் என்றால் தாளில் அடித்த ஒரு மாதிரி கேட்க வேண்டும். முகூர்த்த மாதத்தில் முகம் சுளிப்பார்கள்; அதற்காக விட்டுவிடக் கூடாது.

பிள்ளையார் கலங்கியது வாட்ஸ்அப்பின் கைவேலையாக இருக்கலாம். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 7 அங்குல அகலத்துக்கு விரியும் படம் என்றால் 2,100 புள்ளி. ஆனாலும் படத்தின் தரம் திறந்தவுடனே அச்சகத்தாருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காமல் அச்சடித்ததைச் சேவைக் குறைபாடு என்று நீங்கள் வாதிடலாம்.

தமிழ் எழுத்து உடைவது பழைய கதை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடை அறியாத பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பு இடம் மாறும். பாமினி போன்ற எழுத்துரு அவர்களிடம் இல்லாவிட்டால் பெயரெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துகளைக் ‘கர்வ்’ (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி, பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆக்கும் முன் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திருத்த முடியாது. (நானும் ஒருமுறை ‘சரி’ சொன்னவன்தான். காதணி விழா அழைப்பிதழில் கிழமை தப்பு. பேனாவால் அடித்துத் திருத்திய கார்டுகளோடு ஊரெல்லாம் அலைந்தேன்.) வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் பின்னணி நிறம் நீண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும்.

மீதிப் பணத்தை மொத்தமாக நிறுத்தாமல், ப்ரூஃபைக் காட்டி, தாள் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடி அடித்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் தீர்ப்பு முகூர்த்தத்துக்குள் வராது. கார்டுதான் அவசரம் என்றால் இன்றே நேரில் போய்ப் பேசுங்கள், ரசீதை மறக்காமல் எடுத்துக்கொண்டு.