மண்ணில் இத்தனை பாக்டீரியா இருந்தும் புது ஆன்டிபயாட்டிக் ஏன் அரிதாகவே கிடைக்கிறது?

மண்ணில் சரக்கு இல்லாமல் இல்லை. அதை வளர்க்கத் தெரியாததுதான் சிக்கல். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்ததே ஒரு மண் பாக்டீரியாவிடமிருந்துதான். (மழை பெய்ததும் மண்வாசனை வருகிறதே, அதில் பெரும்பங்கு இந்தக் குடும்பத்தின் வேலை.) அப்புறம் உலகம் முழுக்க மண்ணை அள்ளிச் சலித்தார்கள். போகப்போகத் தெரிந்த மருந்துகளே திரும்ப வந்தன. ஏனென்றால் மண் பாக்டீரியாவில் சுமார் 99 சதவீதம் ஆய்வகத் தட்டில் வளராது.

சரி, மண்ணிலேயே வளர்த்தால்? அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவா எப்ஸ்டீன், கிம் லூயிஸ் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். அதற்கான கருவி ஐசிப் (iChip), வரிசையாகத் துளையிட்ட சின்ன பிளாஸ்டிக் பலகை. மண்ணை நீரில் நன்றாகக் கரைத்து நீர்க்கவைத்தால் துளைக்கு ஏறத்தாழ ஒரு பாக்டீரியா விழும். இருபக்கமும் மெல்லிய சவ்வை ஒட்டி, பலகையை மறுபடி மண்ணில் புதைக்கிறார்கள். ஊட்டச்சத்து உள்ளே வரும். பாக்டீரியா வெளியே போகாது. தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்து அது பெருகுகிறது!

மெயின் மாநிலப் புல்வெளி மண்ணிலிருந்து இப்படிக் கிடைத்த டெய்க்ஸோபாக்டின் என்ற புது ஆன்டிபயாட்டிக்கை 2015இல் அறிவித்தார்கள். அது கிருமியின் புரதத்தைத் தாக்குவதில்லை. செல்சுவர் கட்டத் தேவையான கொழுப்பு மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. புரதத்தை மாற்றிக்கொள்வதுபோல இதை மாற்றுவது கிருமிக்குச் சுலபமல்ல. பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகூட ஆய்வகத்தில் இதனிடம் மடிந்தது. ஆனால் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளைச் சுற்றியுள்ள வெளிச்சவ்வை இது தாண்டாது. அங்கேதான் எனக்கு உற்சாகம் பாதியாகிறது.